மரத்திடம் சென்ற வாள்: இமயக் காடுகளில் கை ரம்பத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

காடழிவைப் பற்றி எழுதும்போது நம் நினைவுக்கு முதலில் வருவது கோடரி. நூல்களின் அட்டைகளிலும் கருத்தரங்கச் சுவரொட்டிகளிலும் இடம்பெறுவது அதுவே. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு இமயத்தின் தேவதாருக் காடுகள் ரயில் பாதைகளின் கட்டைகளாக மாறிய கதையில், கோடரிக்கு இணையான பங்கும், சில கட்டங்களில் அதனினும் பெரிய பங்கும் ரம்பத்திற்கு உண்டு. தோளில் சுமந்து மலையேற்றிய, இருவர் நின்று இழுக்கும் கை ரம்பம் அது. காட்டு வரலாற்றை ஆராயும் மாணவர்களின் கவனம் இக்கருவியின் மேல் குறைவாகவே விழுந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததும், கூர் தீட்டியதும், பிரித்துக் கட்டி எடுத்துச் சென்றதும் எத்தகைய அறிவு, அவ்வறிவு உடையவர்களைச் சட்டம் எவ்வாறு நடத்தியது என்ற இரு கேள்விகளை முன்வைத்து இப்பதிவை எழுதுகிறேன். சற்று நீளமானது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. பழைய தடங்கள்

இந்தியத் துணைக்கண்டத்தில் ரம்பம் மிகப் பழையது. சிந்துவெளி நகரங்களில் சங்கை வளையல்களாக அறுத்த தடங்களை ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பாலி மொழியின் மஜ்ஜிம நிகாயத்தில் இருபத்தொன்றாவதாக அமைந்த சூத்திரம் ரம்பத்தை உவமையாகக் கொண்டது. அதன் பெயரே 'ககசூபமம்', அதாவது ரம்ப உவமை. அதில் சொல்லப்படும் ரம்பம் இருபுறமும் கைப்பிடி உடையது. பொறுமையைப் போதிக்க வந்த ஓர் அறவுரை, கேட்போர் அனைவரும் அறிந்த பொருளாக இருவர் இழுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொள்கிறது என்றால், அக்கருவி அன்றைய வாழ்வில் பழகிய ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். சுஸ்ருத சம்ஹிதையின் அறுவைக் கருவிப் பட்டியலிலும் 'கரபத்ரம்' என்ற பெயரில் ரம்பம் இடம்பெறுகிறது.

தமிழில் 'ஈர்வாள்' என்ற சொல் உண்டு. 'ஈர்தல்' என்பது நெடுகப் பிளந்தறுத்தலைக் குறிக்கும் வினை. மேற்கு இமயப் பகுதிகளில் மரம் அறுப்பவரைச் 'சிரானி' என்பர். இந்தியில் 'சீர்னா' என்றால் பிளத்தல், கிழித்தல். இரு சொற்களுக்கும் சொற்பிறப்பு உறவு இல்லை எனினும், இரு மொழிகளும் ஒரே நுட்பத்தைப் பிரித்துப் பெயரிட்டிருப்பது கவனிக்கத்தக்கது. மரத்தைக் குறுக்கே துண்டாக்குவது ஒரு வேலை. நார் ஓடும் திசையில் நெடுகப் பலகையாக்குவது வேறொரு வேலை. இரண்டிற்கும் பல்லின் வடிவம் வேறு. குறுக்கறுப்பில் பல், கத்தி முனைபோல் இருபுறமும் நாரை வெட்டிச் செல்ல வேண்டும். நெடுக்கறுப்பில் அது சிற்றுளிபோல் நாரைச் சீவி எடுக்க வேண்டும். ஒன்றின் வேலைக்கு மற்றொன்றை எடுத்தால் உழைப்பு பன்மடங்காகும்.

ஈர மரத்தை அறுப்பதில் வேறொரு தொல்லை உண்டு. ஈரத் தூள் பற்களின் இடையே அடைத்துக்கொள்ளும்; வாள் சிக்கி நிற்கும். பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமுமாகச் சற்றே வளைத்துவைத்தால், அறுப்புத் தடம் தகட்டின் கனத்தைவிட அகலமாகும், தூளும் வெளியேறும். கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலில் இந்நுட்பத்தைக் குறித்திருக்கிறார். இன்று கடையில் வாங்கும் மடக்கு ரம்பத்தின் பற்களிலும் பெரும்பாலும் இவ்வளைவைக் காணலாம்.

2. ரம்பம் ஏன் மலையேறியது?

1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் பாதைகள் பெருகின. கஜத்திற்கு ஒரு கட்டை என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு மைலுக்கு 1,760 கட்டைகள் வேண்டும். அவை உளுத்துப்போகும்போது மீண்டும் அதே அளவு வேண்டும். பதப்படுத்தாமலே பல ஆண்டுகள் தாங்கக்கூடிய இந்திய மரங்கள் சில மட்டுமே: தேக்கு, சால், தேவதாரு. வடஇந்தியப் பாதைகளின் தேவை தேவதாருவின் மேல் விழுந்தது. 1864இல் டீட்ரிச் பிராண்டிஸ் தலைமையில் வனத்துறை உருவாயிற்று. அதே ஆண்டில் பஷஹர், சம்பா ஆகிய மலை அரசுகளின் காடுகளைப் பிரிட்டிஷ் அரசு குத்தகைக்கு எடுத்தது. 1865இல் டெஹ்ரி கட்வாலின் காடுகளும் சேர்ந்தன. சென்னையில் பிறந்து, சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராகப் பணியாற்றிய ஹியூ கிளெக்ஹார்ன், பஞ்சாப் மற்றும் மேற்கு இமயக் காடுகளைக் குறித்த தம் அறிக்கையை வெளியிட்டதும் 1864இல்தான்.

இதற்கு முன்பே பாகீரதிப் பள்ளத்தாக்கில், ஹர்ஸில் பகுதியைத் தளமாகக் கொண்டு பிரெடரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர் தேவதாருவை வெட்டிக் கங்கையில் மிதக்கவிட்டுப் பெருஞ்செல்வம் சேர்த்திருந்தார். ஆற்றங்கரையில் நிற்கும் மரத்தை முழுத்தடியாக உருட்டிவிடலாம். கரையோர மரங்கள் தீர்ந்தபின், செங்குத்துச் சரிவுகளிலும் கிளைப் பள்ளத்தாக்குகளிலும் நிற்கும் மரங்களை என்ன செய்வது?

இங்கு ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுடையது. இரண்டு அடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள ஒரு தடியின் கன அளவு ஏறத்தாழ 31 கன அடி. தேவதாரு உலர்ந்த நிலையிலும் அது 500 கிலோவை நெருங்கும். யானையும் சாலையும் இல்லாத சரிவில் அதை ஆட்கள் தூக்கிச் செல்ல இயலாது. பத்தடி நீளம், பத்து அங்குல அகலம், ஐந்து அங்குல கனம் என்பது அகலப்பாதைக் கட்டையின் பழைய அளவுகளில் ஒன்று. அத்தகைய கட்டை ஒன்று மூன்றரைக் கன அடி. உலர்ந்தபின் எடை சுமார் 55 கிலோ. ஒரு மனிதனின் முதுகு தாங்கும் எடை அது. மேற்சொன்ன தடியிலிருந்து கணக்குப்படி இத்தகைய ஆறு கட்டைகள் கிடைக்கும். ஆகவே, தடியை ரம்பத்திடம் கொண்டுவருவதற்கு மாறாக, ரம்பத்தைத் தடியிடம் கொண்டு சென்றனர். மரம் விழுந்த இடத்திலேயே அறுத்து, கட்டைகளை மனிதர் சுமந்தோ சறுக்குப் பாதைகளில் இறக்கியோ ஓடைக்கும், ஓடையிலிருந்து பேராற்றுக்கும் சேர்த்தனர். காற்றடைத்த எருமைத் தோலின்மேல் மிதந்தபடி நீரில் இறங்கி, பாறைகளில் சிக்கிய கட்டைகளை விடுவித்தவர்கள் மற்றொரு தனித்தொழிலாளர் கூட்டம்.

3. தேர்வும் கட்டும்

சமவெளியில் அறுப்புக்குக் குழி தோண்டுவார்கள். மலைச்சரிவில் அக்குழியின் வேலையைச் சரிவே செய்யும். தடியின் ஒரு முனையைச் சரிவின் மேல் நிறுத்தி, மறுமுனைக்குக் கால்நட்டுத் தாங்கு கொடுத்தால், கீழே ஒருவர் நிற்க இடம் கிடைத்துவிடும். மேலே நிற்பவர் சாயம் தோய்த்த நூலால் இட்ட கோட்டின்மேல் வாளை நடத்துவார். கீழே நிற்பவர் இழுப்பார். தூள் முழுவதும் அவர் கண்ணிலும் மூச்சிலும் விழும். இருவருக்கும் கூலி ஒரே கணக்கில் வந்தாலும், நாளின் முடிவில் உடம்பு பட்ட பாடு ஒன்றாக இராது.

இத்தகைய நெடுக்கறுப்பு வாளின் கீழ்க் கைப்பிடி கழற்றக்கூடியது. அறுப்பின் பாதியில் வாளை வெளியே எடுக்கவேண்டிவந்தால், அப்பிடியைக் கழற்றித் தகட்டை மேல்வழியே உருவிவிடலாம். இருவர் இழுக்கும் குறுக்கறுப்பு வாளிலும் இவ்வசதி உண்டு: வெட்டு மூடிக்கொள்ளாமல் ஆப்பு அடித்தபின் ஒரு பிடியைக் கழற்றித் தகட்டைப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். அறுப்பதற்காக ஏற்பட்ட இவ்வசதியே சுமப்பதற்கும் உதவிற்று. பிடிகள் தனியே, தகடு தனியே, பற்களுக்கு உறை, உடன் ஓர் அரம், பல் வளைக்கும் கருவி, ஆப்புகள், நூல். இவ்வளவுதான் ஒரு மர அறுப்பு ஆலையின் முழு உடைமை. அந்த ஆலை இருவரின் தோளில் ஏறி மலைக்குச் சென்றது.

வாளின் நீளத்தை எவ்வாறு தேர்வது? தகட்டின் நீளத்திலிருந்து மரத்தின் விட்டத்தைக் கழித்தால் எஞ்சுவதே கை வீச்சிற்குக் கிடைக்கும் இடம். இரண்டடி மரத்தை நான்கடி வாளால் அறுத்தால் வீச்சு இரண்டடி. மூன்றடி வாளால் அறுத்தால் ஓரடி மட்டுமே. வீச்சு குறைந்தால் தூள் வெட்டிலேயே தங்கிவிடும். அதே வேளையில் நீளம் கூடக்கூடச் சுமை கூடும். புதரிலும் பாறையிலும் தகடு தட்டி வளையும். எனவே தேர்வு என்பது மரத்தின் பருமனுக்கும் பாதையின் கடுமைக்கும் இடையே செய்துகொள்ளும் ஒரு சமரசம். இன்று மலையேறுபவர் பையில் வைக்கும் எட்டங்குல மடக்கு ரம்பத்திற்கும் இக்கணக்கு பொருந்தும்: தகட்டு நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட பருமனை அதனால் அறுக்க முயல்வது வீண் உழைப்பு.

இழுக்கும்போது வெட்டுவதா, தள்ளும்போது வெட்டுவதா என்பது அடுத்த வேறுபாடு. தள்ளும்போது தகடு அமுக்கத்துக்கு உள்ளாகும். மெல்லியதாக இருந்தால் வளைந்து மடங்கும். இழுக்கும்போது அது இறுகி நேராக நிற்கும். ஆகவே மெல்லிய தகடு போதும். மெல்லிய தகடு என்றால் குறைந்த எடை, குறுகிய தடம், குறைந்த தூள். எடுத்துச் செல்லத்தக்க இன்றைய ரம்பங்களில் பெரும்பாலானவை இழுப்பு வகையாக இருப்பதன் காரணம் இதுவே. ஆசியத் தச்சு மரபுகள் பலவற்றில் இழுப்பு வாள் நிலைத்திருந்ததை வெறும் பழக்கமாகக் கொள்ளாமல், தகட்டின் இயல்பை அறிந்த தேர்வாகக் காண்பதே பொருத்தம்.

4. சிக்கனம் என்னும் வாதம்

கோடரியை வீண்செலவின் கருவியாகவும் ரம்பத்தைச் சிக்கனத்தின் கருவியாகவும் காண்பது காலனிய வனத்துறை எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் பார்வை. மலை மக்கள் ஒரு முழு மரத்தைக் கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கி ஓரிரு பலகைகளே எடுக்கின்றனர் என்பது அவர்களது குறை. தொழில்நுட்ப அளவில் அதில் உண்மை உண்டு. கால் அங்குலத் தடமுள்ள வாளால் பத்து முறை அறுத்தாலும் இழப்பது இரண்டரை அங்குலம். அது ஒரு ரயில் கட்டையின் பாதிக் கனம். செதுக்கும்போது அதைவிடப் பன்மடங்கு சிராயாகப் போய்விடும்.

எனினும் இக்கணக்கை ஒரு மரத்தோடு நிறுத்திவிட முடியாது. கோடரியால் செதுக்கியவர் வீட்டு உத்திரத்திற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மரத்தை எடுத்தார். ரம்பத்தால் அறுத்தவர்கள் மைலுக்கு ஆயிரக்கணக்கில் கட்டை கேட்ட ஒரு பாதைக்காக அறுத்தனர். ஒரு மரத்திலிருந்து அதிகம் பெற முடிந்தமையாலேயே, முன்பு எடுத்துச் செல்ல இயலாதவை என விடப்பட்ட சரிவுகளின் மரங்களும் இலாபம் தரும் மரங்களாயின. ஒரு கருவியின் சிக்கனம் காட்டின் சிக்கனமாகிவிடுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டியதன் மூலம், காட்டை அழிப்பவர் யார் என்ற கேள்விக்கு, 'கோடரி ஏந்திய மலைவாசி' என்ற விடை எளிதாகக் கிடைத்தது. சூழலியல் வரலாற்றில் இன்றும் நாம் இவ்விடையின் நிழலில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

5. சட்டத்தின் கண்ணில் ரம்பம்

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தைக் கருவியின் பக்கமிருந்து வாசித்தால் வேறொரு நூலாகத் தெரியும். 41ஆம் பிரிவு, மரப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை இயற்ற அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. குறிப்பிட்ட எல்லைக்குள் அறுப்புக் குழிகள் அமைப்பதைத் தடைசெய்வதும் அவ்வதிகாரங்களுள் ஒன்று. மரத்தில் முத்திரை குத்தும் சுத்தியலை வைத்திருப்பதைத் தடைசெய்வது இன்னொன்று. 45ஆம் பிரிவின்படி, ஆற்றில் மிதந்துவரும் மரமும் முத்திரையற்ற மரமும், பிறர் தம் உரிமையை மெய்ப்பிக்கும்வரை அரசின் உடைமை. 52ஆம் பிரிவின்படி, வனக்குற்றம் நிகழ்ந்ததாக நம்பக் காரணம் இருந்தால், விளைபொருளுடன் சேர்த்துக் கருவிகள், படகுகள், வண்டிகள், கால்நடைகள் ஆகியவற்றையும் பறிமுதல் செய்யலாம்.

இவற்றை இணைத்துப் பார்த்தால், ஒரே ரம்பம் இருவேறு வாழ்வு வாழ்ந்தது புலப்படும். ஒப்பந்ததாரரின் பெயரில் காட்டுக்குள் நுழைந்தபோது அது அரசின் வருவாய்க் கருவி. அதே ரம்பத்துடன் அதே ஆள், தன் வீட்டுத் தூணுக்காகச் சென்றால் அது குற்றத்தின் சான்றுப்பொருள். கையும் வாளும் மரமும் மாறவில்லை. மாறியது அனுமதிச் சீட்டு மட்டுமே. மேலும், கருவியைப் பறிமுதல் செய்வது அபராதத்தைவிடக் கடுமையானது. அபராதம் ஒரு முறை கட்டுவது. வாளை இழந்த அறுப்பாளி, மற்றொன்று வாங்கும்வரை பிறருடைய வாளுக்குக் கூலியாளாகிறார்.

6. சிப்கோவும் அதன் பின்னும்

சிப்கோ இயக்கத்தின் தொடக்கம் ஒரு கருவி மரத்தைப் பற்றியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சமோலி மாவட்டத்தின் கிராமத் தொழில் கூட்டமைப்பு ஒன்று, ஏர் முதலிய வேளாண் கருவிகள் செய்ய 'அங்கு' எனப்படும் மரம் கேட்டது, வனத்துறை மறுத்தது. அதே மரங்களை விளையாட்டுப் பொருள் செய்யும் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. 1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்தில் எதிர்ப்பு எழுந்தது அதனால்தான். 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில், ஆண்கள் ஊரில் இல்லாதபோது, கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினர்.

அன்று எதிரில் நின்றவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரரும் அதிகாரியும் மட்டும் அல்லர். கூலிக்கு வந்த தொழிலாளரும் நின்றனர். ராமச்சந்திர குஹாவின் 'தி அன்கொயட் வுட்ஸ்' (1989) உள்ளிட்ட நூல்கள் மலை உழவரின் பக்கத்தை நமக்கு விரிவாகக் காட்டியுள்ளன. பள்ளத்தாக்கு விட்டுப் பள்ளத்தாக்கு சென்று அறுத்த சிரானிகளின் பக்கம் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. 1980களின் தொடக்கத்தில், அன்றைய உத்தரப் பிரதேச இமயப் பகுதியில் ஆயிரம் மீட்டருக்கு மேல் பச்சை மரங்களை வணிகத்திற்காக வெட்டுவது நிறுத்தப்பட்டது, காடு மூச்சுவிட்டது. அந்த அறுப்பாளிகள் எங்குச் சென்றனர், எத்தொழிலுக்கு மாறினர் என்பது தனித்த ஆய்வுக்குரிய பொருள்.

1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அருணாசலப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும், அதன் எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் அஸ்ஸாமிலும் இருந்த மர அறுப்பு ஆலைகளை உடனே மூடச் சொன்னது. இயந்திர ஆலைக்கு முகவரி உண்டு. மூடலாம், உரிமத்தை எண்ணலாம். கை ரம்பத்திற்கு முகவரி இல்லை. அதனாலேயே அதன்மேல் ஐயம் எப்போதும் கூடுதலாக விழுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் சிறுவன விளைபொருளின் வரையறைக்கு வெளியே மரத்தை வைத்திருக்கிறது. காட்டில் வாழ்பவருக்கு மூங்கிலும் தேனும் உரிமையாயின. ரம்பம் தொடும் பொருள் உரிமையாகவில்லை.

ஒப்பீட்டுக்காக ஒன்று: அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இயந்திரக் கருவிகளைப் பொதுவாகத் தடைசெய்தது. விளைவாக, அங்குள்ள வனப்பணியாளர் பாதையில் விழுந்த மரங்களை அகற்ற இருவர் இழுக்கும் பழைய வாளையே மீண்டும் கையில் எடுத்தனர். அதைக் கூர் தீட்டும் கலை அரசின் கையேடாகவே எழுதப்பட்டது. ஒரு நாட்டின் காட்டுச் சட்டம் கை ரம்பத்தைக் காட்டின் காவலுக்கு உகந்த கருவியாகக் கண்டது. நம் சட்டத்தில் அது பறிமுதல் பட்டியலில் இருக்கிறது. இரு நாடுகளின் நிலைமைகள் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கருவியின் பொருளைத் தீர்மானிப்பது அதன் பற்கள் அல்ல என்பதற்கு இவ்வொப்பீடு போதுமானது.

7. மாணவர்களுக்கு

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் 700 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வளையங்களைக் கொண்ட தேவதாருவின் குறுக்குவெட்டு ஒன்று உள்ளது. பார்ப்பவர் அனைவரும் வளையங்களை எண்ண முயல்கின்றனர். கோடரி வெட்டிய முகத்தில் வளையங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரியா. அந்த வட்டத்தை நாம் வாசிக்க முடிவது யாரோ நேராக அறுத்ததால். மர வளையங்களைக் கொண்டு பருவமழையின் வரலாற்றை எழுதுகிறோம். அறுத்த கையின் வரலாற்றையும் எழுதத் தொடங்கலாம்.

அதற்கான தடயங்கள் நாம் வழக்கமாகப் புரட்டும் கோப்புகளிலேயே கிடக்கக்கூடும். பறிமுதல் பட்டியல்களில் 'கருவி' என்ற தலைப்பின்கீழ் என்ன எழுதியிருக்கிறது, ஒப்பந்தங்களில் வாளும் அரமும் யார் செலவு, கூலி கட்டைக்கா நாளுக்கா, கெட்டுப்போன கட்டையின் இழப்பு யார் தலையில் விழுந்தது ஆகிய கேள்விகளோடு அவற்றை மீண்டும் வாசிக்க வேண்டும். காலமும் குறைவு. இன்றைய மடக்கு ரம்பங்கள் பலவற்றின் பற்கள் ஆலையிலேயே கடினமாக்கப்பட்டவை; அரம் அவற்றில் ஏறாது. கூர் மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். பல் வளைத்து அரம் போடத் தெரிந்த தலைமுறை நம் கண்முன்னே மூப்படைகிறது.

உங்கள் பகுதியில் மரம் அறுப்பவர்களுக்கும், வாளின் வகைகளுக்கும், அதன் உறுப்புகளுக்கும் என்ன பெயர்கள் வழங்குகின்றன என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இமயமாயினும், நீலம்பூராயினும், ஆனைமலையாயினும், எம்மொழியாயினும் சரி. பெயருடன் பகுதியையும் குறிப்பிட்டால், ஒரு சொற்பட்டியலாகத் தொகுத்து அனைவருக்கும் பொதுவில் வைக்க எண்ணம்.